அரசு – 1 – அனுப்புதல் – தொடர்பாக

கோட்டுப்பாக்கத்தில் அரசு முளைத்த கதையைச் சொல்வதென்றால் முதலில் அந்த ஊரில் அரசு காணாமற்போன கதையைச் சொல்லியாக வேண்டும். அது ரொம்பச் சின்னக் கதை, ஒரே மூச்சில் முடிந்துவிடும். ஒரு பெரிய மாவட்டத்தை இரண்டாக வெட்டினார்கள், வெட்டின கையோடு ஊர்ப் பட்டியலையும் இரண்டாகப் பிரித்தார்கள், பழைய மாவட்டத்துப் பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் தட்டச்சு செய்தவர் கோட்டுப்பாக்கம் அடுத்த பட்டியலில் வரும் என்று நினைத்தார், புது மாவட்டத்துப் பட்டியலின் முதல் பக்கத்தைத் தட்டச்சு செய்தவர் அது முந்தைய பட்டியலிலேயே போயிருக்கும் என்று நினைத்தார், இருவரும் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். அவர்கள் டம்ளரைக் கீழே வைத்தபோது நானூற்றுப் பன்னிரண்டு மனிதர்களும் அறுபத்தெட்டு மாடுகளும் ஒரு மாரியம்மன் கோயிலும் எந்த மாவட்டத்திலும் இல்லை.

ரேஷன் லாரி ஊர் எல்லை வரை வந்து, டிரைவர் காகிதத்தைப் பார்த்து, தலையைச் சொறிந்து, திரும்பிப் போனது. தபால்கள் 'அப்படியோர் ஊர் இல்லை' என்ற முத்திரையோடு, அந்த ஊரிலிருந்தே அனுப்பியவர்களுக்குத் திரும்பி வந்தன. மின்சாரம் மட்டும் வந்துகொண்டிருந்தது; கம்பிக்குப் பட்டியல் படிக்கத் தெரியாது.

இதில் ரொம்ப அடிபட்டது சம்பூரணம்தான். தையல் மிஷினில் ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த நாற்பத்து மூன்று வயது சம்பூரணம், ஊராட்சித் தலைவராக ஜெயித்துப் பதவியேற்றுப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. கையெழுத்துப் போடப் பச்சை மைப் பேனா ஒன்று வாங்கி வைத்திருந்தாள், அதன் மூடியைக்கூட இன்னும் திறக்கவில்லை. அதற்குள் ஊரே இல்லையென்று ஆகிவிட்டது. ஆனால் அவள் கொடுத்த வாக்கு மட்டும் இருந்தது. ஊருக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவில் ஓடும் பாம்போடையில் வருகிற ஐப்பசிக்குள் பாலம் போட்டுவிடுவேன் என்று ஜெயித்த அன்றே சொல்லியிருந்தாள். அதைக் கேட்டு, அவளிடம் பதினேழு ஓட்டில் தோற்ற பழைய தலைவர் மாசிலாமணி, முன்பின் அறியாதவர்கள் காக்கை என்று நினைத்துவிடக்கூடிய தன் மீசையை இரண்டு பக்கமும் நீவிவிட்டுக்கொண்டு ஊர் நடுவில் ஒரு வார்த்தை விட்டிருந்தார்.

"பாலம் வந்தா இந்த மீசைய எடுத்துடறேன். வரலேன்னா அந்த நாற்காலிய எடுத்தாந்து என் வீட்டுல போட்டுடணும். இன்னா சொல்றே?"

"போட்டுடறேன் மாமா," என்று அவளும் சொல்லிவிட்டாள்.

நாற்காலி போனால் போகிறது, மிஷின் இருக்கிறது. அவளுக்கு வேறொரு கணக்கு இருந்தது. ஐந்தாம் வகுப்பை முடித்த வருஷம் ஐப்பசியில் பாம்போடை நாற்பது நாள் கழுத்தளவு ஓடியது, அக்கரையிலிருந்த பெரிய பள்ளிக்கூடம் அந்த நாற்பது நாளும் அவள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது, வெள்ளம் வடிந்தபோது அவள் மிஷின் பெடலில் கால் வைத்திருந்தாள். இந்த வருஷம் ஆறாம் வகுப்புக்கு அக்கரை போகவேண்டிய பிள்ளைகள் ஒன்பது. ஓடை பெருகினால் அதில் எது எது நின்றுவிடும் என்று பெயரோடு அவளுக்குத் தெரியும்.

அரசு என்பது அந்த ஊருக்குப் புதிதும் அல்ல. வந்தவர்களெல்லாம் வந்துதான் இருக்கிறார்கள். ராஜா காலத்தில் யானையோடு ஒரு படைத்தலைவன் பாம்போடை வரைக்கும் வந்து, யானை சேற்றைப் பார்த்து முகம் சுளித்ததால் திரும்பிப் போனானாம். நவாபின் குதிரைக்காரன் வரி கேட்டு அக்கரையிலிருந்து கத்தினானாம், இக்கரையில் காது கேட்கவில்லையென்று சொல்லிவிட்டார்களாம். வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் தொலைநோக்கியில் ஊரைப் பார்த்து 'நல்ல ஊர்' என்று எழுதிக்கொண்டு போனாராம். அதற்குப்பின் வந்தவர்கள் அக்கரையிலேயே ஒலிபெருக்கி கட்டி, வாக்காளப் பெருங்குடி மக்களே, உங்கள் பொன்னான வாக்குகளை என்று அங்கிருந்தபடியே கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். எல்லா அரசும் ஓடை வரைக்கும் வந்த அரசுதான். ஓடையைத் தாண்டியதில்லை.

மே தினத்துக் கிராம சபையில் சம்பூரணம் ஒரு மனு எழுதினாள். 'எங்கள் ஊரில் தற்சமயம் அரசு இல்லை. ஆகவே எங்கள் ஊருக்கு ஓர் அரசு அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.' ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு அக்கரையிலிருந்து தினமும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வரும் ஹெலன் டீச்சர் அதை வாங்கி, இரண்டு இடத்தில் ஒற்றுப்பிழை திருத்தி, நன்றாக இருக்கிறது என்று சொல்லி அக்கரைத் தபாலில் சேர்த்தாள். மனு மேசை மேசையாகப் போயிற்று. இது எங்கள் பிரிவு அல்ல என்று ஒரு மேசை சொல்லிற்று, எங்கள் பிரிவுமல்ல என்று இன்னொரு மேசை சொல்லிற்று, கடைசியில் மரக்கன்று வழங்கும் மேசை ஒன்றில் போய் விழுந்தது. அங்கிருந்தவர் நல்ல மனுஷர். 'ஓர் அரசு' என்று படித்தார், அரசுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டார், கையிருப்பைப் பார்த்தார், இருந்தது.

ஆனி மாதத்தில் ஒருநாள் காலை எட்டே கால் பஸ் ஓடைக்கரையில் நின்றது, கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, கோட்டுப்பாக்கம் எறங்கு, அரசு வந்திருக்கு, யாராச்சும் வந்து எறக்கிக்குங்க, சீட்டுல மண்ணு கொட்டுது என்று கூவினார். கறுப்புப் பையில் முழ உயரத்துக்கு ஓர் அரசங்கன்று. கழுத்தில் சணலில் கட்டிய கடிதம்:

'பொருள்: அரசு – 1 – அனுப்புதல் – தொடர்பாக. பார்வை: தங்கள் மனு. பார்வையில் காணும் மனுவில் கோரியுள்ளவாறு அரசு ஒன்று இத்துடன் அனுப்பி வைக்கப்படுகிறது. பெற்றுக்கொண்டமைக்கு ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

மாசிலாமணி அன்று சிரித்த சிரிப்பில் மீசை காதைத் தொட்டது. சம்பூரணம் சிரிக்கவில்லை. கேட்டோம், வந்திருக்கிறது, வந்ததைத் திருப்பி அனுப்பினால் இன்னொன்று எப்போது வருமோ என்று யோசித்தாள். பேனாவின் மூடியைத் திறந்து, அவள் போட்ட முதல் பச்சைக் கையெழுத்தை அந்த ஒப்புதல் சீட்டில் போட்டாள். பூட்டிக் கிடந்த ஊராட்சி அலுவலகத்து வாசலில் குழி தோண்டி அரசை நட்டார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் அது ஓட்டுக்கூரையைத் தாண்டிவிட்டது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முதல் இலை விழுந்தது. அதில் நரம்புக்கு நரம்பு நடுவில் நல்ல வட்டக் கையெழுத்தில், 'முனியம்மாள் க/பெ ஏகாம்பரம் என்பவர் மேற்படி ஊரில் வசிப்பவர் எனச் சான்றளிக்கப்படுகிறது' என்றிருந்தது. இலையில் எழுத்து இருந்ததைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லையே என்றுதான் ஹெலன் டீச்சர் மூன்று நாள் வியந்துகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ஊர் அதற்குப் பழகிக்கொண்டது, புது மருமகளின் சமையலுக்கு வீடு பழகிக்கொள்வது மாதிரி. மனுவை மரப்பொந்தில் போட வேண்டும், இலை விழும்போது பிடித்துக்கொள்ள வேண்டும், நோட்டுக்கு நடுவில் வைத்துப் பாடம் பண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். காலை பத்துக்கு முன்னால் ஓர் இலையும் அசையாது, மாலை ஐந்தே முக்காலுக்குப் பின் புயலே அடித்தாலும் அசையாது, மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை கிளைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு சாப்பாட்டு வேளை மாதிரி நிற்கும், சனி ஞாயிறு சும்மா மரம். பக்கத்து வீட்டுச் சேவல் நேரங்கெட்ட நேரத்தில் கூவுகிறது என்று ஒருவர் மனுப் போட்டார்; 'சேவலுக்கு அறிவுரை வழங்கப்பட்டது' என்று இலை வந்தது, மறுநாளிலிருந்து சேவல் பத்து மணிக்குமேல்தான் கூவியது. ஏகாம்பரம் தன் பெண்டாட்டி தன்னோடு பேசுவதில்லை என்று மனுப் போட, 'இரு தரப்பும் பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்படுகின்றனர்' என்று வந்தது, இருவரும் மரத்தடியில் உட்கார்ந்து பேசினார்கள், பேசினார்கள், அவள் பேசத் தொடங்கியதும் பேசாமல் இருந்ததே தேவலையென்று இன்னொரு மனுப் போட்டார்.

எல்லாவற்றுக்கும் இலை வந்தது. சம்பூரணத்தின் பாலத்துக்கு மட்டும் வாரா வாரம் ஒரே இலை: 'மேற்படி பாலம் குறித்து ஆவன செய்யப்படும்.'

ஏழு இலை சேர்ந்ததும் அவள் அவற்றைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து ஹெலன் டீச்சரிடம் காட்டினாள். டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதுல எழுவாயே இல்லையே. செய்யப்படும், செய்யப்படும்னு எல்லாம் செயப்பாட்டு வினை. யாரு செய்வாங்கன்னு எங்கயுமே வரல."

சம்பூரணம் அன்றே தகவல் அறியும் உரிமைப்படி ஒரே சொல்லில் ஒரு மனு எழுதிப் பொந்தில் போட்டாள்: 'யாரால்?' சட்டப்படி முப்பது நாள் அவகாசம் என்பதால் மரம் இருபத்தொன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. ஆவணியில், முப்பதாவது நாள் மாலை ஐந்து நாற்பத்து நாலுக்கு, உச்சிக்கிளையிலிருந்து ஓர் இலை சுற்றிச் சுற்றி இறங்கி அவள் மடியில் விழுந்தது. 'ஊற்றுபவர்களால்.'

டீச்சர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "'ஆல்' வந்துடுச்சு, மூன்றாம் வேற்றுமை," என்றாள்.

"அரசக் கேட்டா ஆலு வருது," என்றாள் சம்பூரணம். ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து மரத்தடியில் ஓடைப் பக்கமாக ஊற்றினாள். ஒரு வேர், பூனை நெளிவெடுப்பது மாதிரி நெளிந்து, அந்த ஈரத்தின் மேல் ஒரு முழம் நகர்ந்து படுத்துக்கொண்டது.

அன்றையிலிருந்து வீட்டுக்கு ஒரு குடம். அரிசி கழுவின தண்ணீரும் வந்தது, பிள்ளை குளிப்பாட்டின தண்ணீரும் வந்தது, ஏகாம்பரம் குடித்து மிச்சம் வைத்த மோரும் வந்தது. தூரத்து வயலில் யாரோ குடத்தைத் திருப்பிவிட்டால் வேர் அந்தப் பக்கம் மூக்கை நீட்டிப் பார்க்கும், எல்லோருமாகச் சத்தம் போட்டு ஓடைப் பக்கம் ஊற்றினால் திரும்பிக்கொள்ளும். ஒரு மாதத்தில் தொடை கனத்தில் மூன்று வேர்கள் ஊரைத் தாண்டி, பனங்காட்டைத் தாண்டிப் பாம்போடைக் கரைக்கு வந்து சேர்ந்தன. சேர்ந்த இடத்தில் நின்றன.

குடம் குடமாக ஊற்றினார்கள். அசையவில்லை. பொந்தில் மனுப் போட்டார்கள். 'அக்கரை இவ்வரசின் எல்லைக்கு உட்பட்டதன்று' என்று இலை வந்தது. அக்கரைக்கு ஒரு மாவட்டம் இருந்தது, இக்கரைக்கு இல்லை. புரட்டாசி பிறந்துவிட்டிருந்தது, மேற்கே மேகம் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தது. மாசிலாமணி ஓர் ஆளை அனுப்பி, சம்பூரணத்தின் நாற்காலி தன் வீட்டு நிலைக்குள் நுழையுமா என்று கயிறு வைத்து அளந்துகொண்டு போகச் சொன்னார். அவள் காபி கொடுத்து அளக்கவிட்டாள்.

ஆனால் மாசிலாமணிக்கும் உள்ளே ஒரு புழுக்கம் இருந்தது. ஊரே அரசு அரசு என்று குடத்தோடு அலைகிறது, எதிர்த்துப் பேச ஒரு நாதியில்லை. ஆகவே ஒரு சாயங்காலம் மைக் இல்லாமலே மைக் பிடித்த மாதிரி கையை வாய்க்கு முன் வைத்துக்கொண்டு, அன்பார்ந்த பெரியோர்களே, அருமைத் தாய்மார்களே, எதிர்க்கட்சி இல்லாத ஆட்சி மூக்கணாங்கயிறு இல்லாத மாடு என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, ஒரு வேப்பங்கன்றைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, எதிர்க்கட்சி என்றால் எதிர்க்கரையில்தானே இருக்க வேண்டும் என்றார். அரசின் வேர்முனைக்கு நேர் எதிரே அதை நட்டார். தினமும் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றினார், வெயில் படாமல் ஓலை மறைத்தார், ஆடு வந்தால் விரட்ட அங்கேயே கட்டில் போட்டார்.

வேம்பும் வெள்ளிக்கிழமைக்குள் வளர்ந்துவிட்டது. வேப்பிலை சின்னதாகையால் இலைக்கு ஓர் எழுத்துதான் கொண்டது; மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முறத்தில் பொறுக்கி வந்து தரையில் அடுக்கிப் பார்த்தார்கள். பதின்மூன்று இலை சேர்ந்ததும் 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று வந்தது. மறுநாள் மொத்த இலையையும் மரம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது. வெளிநடப்பு என்று மாசிலாமணி பெருமையாக விளக்கினார்.

அந்த வாரத்தில்தான் சம்பூரணம் ஒன்றைக் கவனித்தாள். எதிர்க்கரையில் வேம்பு மறுபடி துளிர்த்துக் காற்றடித்தால், அலுவலக நேரத்திலேயே அரசின் அத்தனை இலையும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. முனியம்மாள் கேட்ட சான்றுக்கு வெறும் இலை விழுந்தது, ஓர் எழுத்தும் இல்லை. சேவலுக்கு அனுப்ப வேண்டிய பதில் மாட்டுக்குப் போயிற்று. ஜாக்கெட் அளவெடுக்க வரும் கல்யாணப் பெண்களை இருபது வருஷமாகப் பார்த்தவள் அவள். பேச்சு இங்கே, நினைப்பு எங்கேயோ என்று இருக்கிற முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அரசும் வேம்பும் எதிரெதிரே நின்றால் ஊரில் என்ன செய்வார்கள் என்பதையும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, ஐந்து வாழைப்பழம் எடுத்து வைத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, ஓடையைக் கடந்து மாசிலாமணியின் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றாள்.

"மாமா, பொண்ணு கேக்க வந்திருக்கேன்."

"எனக்கு ரெண்டும் பசங்கதானேம்மா. பொண்ணு ஏது?"

"பின்னால நிக்குதே, வெயிலு படாம வளக்கறீங்களே, அது யாரு வூட்டுப் பொண்ணு?"

மாசிலாமணி திரும்பி வேம்பைப் பார்த்தார். பெண்ணைப் பெற்றவனாகச் சபையில் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்கிற ஆசை அவருக்கு இருந்தது அன்றுவரை அவருக்கே தெரியாது. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார், மீசையை முறுக்கினார்.

"மாப்ள இன்னா பண்றாரு? அரசு வேலையா?"

"அரசு வேலை இல்ல மாமா. அரசே."

அவர் கொஞ்ச நேரம் மேகத்தைப் பார்த்தார், வெற்றிலையைப் பார்த்தார், ஒரே ஒரு நிபந்தனை என்றார். பெண்ணை அந்தக் கரைக்கு அனுப்ப மாட்டேன், மாப்பிள்ளைதான் இந்தக் கரைக்கு வந்து தாலி கட்ட வேண்டும், அதுவும் ஐப்பசி பிறப்பதற்குள் என்றார். சம்பூரணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஓடையின் நடுவில் போய் நின்று, அக்கரைக்கும் இக்கரைக்கும் கேட்காதபடி வயிறு வலிக்கச் சிரித்தாள்.

புரட்டாசியில் கல்யாணம் வைப்பார்களா என்று சிலர் இழுத்தார்கள். மாப்பிள்ளையிடமே மனுப் போட்டதில் 'விதிகள் தளர்த்தப்படுகின்றன' என்று இலை வந்தது. புரட்டாசிக் கடைசி நாள், காலை பத்தரைக்குமேல் முகூர்த்தம், அலுவலக நேரத்துக்குள். இரண்டு கரையிலும் ஜனம் நின்றது. இக்கரையில் மாப்பிள்ளை அழைப்புக்கு நாதஸ்வரம் எழும்பியது, நானூற்றுப் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு குடம் வேர்முனையில் ஊற்றினார்கள், ஊற்றின ஈரத்தில் மூன்று வேர்களும் தலையைத் தூக்கின, மண்ணை விட்டன, பிடிக்க ஒன்றுமில்லாத வெறுங்காற்றில் ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு, சடை போட்ட மாதிரி, தவில் அடிக்கு ஒரு முழம், தவில் அடிக்கு ஒரு முழம் என்று பாம்போடைக்கு மேலே நடந்தன. அதற்கு இரண்டு பக்கமும் இடுப்பளவில் மெல்லிய வேர்கள் கைப்பிடியாகக் கூடவே போயின, ஏனென்றால் சம்பூரணத்தின் மனுவில் கைப்பிடிச் சுவருடன் என்று இருந்தது. எதிர்க்கரையில் வேம்பு இரண்டு வேரை நீட்டி வாங்கிக்கொண்டது. மஞ்சள் கயிறு சுற்றினார்கள். சரியாக அப்போது முதல் தூறல் விழுந்தது, அட்சதைக்கு வேலையில்லாமல் போயிற்று.

மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. சம்பந்தியை முறைப்படி அழைக்க வேண்டுமே என்று சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, பட்டு வேட்டி தடுக்க, சடை பின்னிய வேர்மேல் விறுவிறுவென்று நடந்தார். பாதி தூரம் வந்ததும் நின்றார். கீழே பார்த்தார், ஓடை. முன்னால் பார்த்தார், ஊர். பின்னால் பார்த்தார், பஸ் ரோடு. சந்தனக் கிண்ணம் இல்லாத கை மெல்ல எழுந்து மீசைக்குப் போயிற்று.

"மாமா," என்று இக்கரையிலிருந்து சம்பூரணம் கூப்பிட்டாள், "பாத்து வாங்க, பாலம் ஈரமா இருக்கு."

ஐப்பசி இரண்டாம் நாள் பாம்போடை கழுத்தளவு ஓடியது. ஹெலன் டீச்சர் பதினான்கு வருஷத்தில் முதல்முறையாகச் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தாள். ஒன்பது பிள்ளைகளும் வரிசையாக அக்கரை போயின, சம்பூரணமும் வழியனுப்புகிற சாக்கில் பெரிய பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் போய், இரும்புக் கதவை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு, மிஷின் வேலை கிடக்கிறது என்று திரும்பி வந்தாள்.

பாலம் ஒன்று இருப்பதாகச் செய்தி போனதும் இரண்டு மாவட்டத்திலிருந்தும் இரண்டு ஆய்வாளர்கள் இரண்டு கரையிலிருந்தும் நடந்து வந்து நடுப்பாலத்தில் முட்டிக்கொண்டார்கள். இது எங்கள் பாலம் என்றார் ஒருவர், எங்கள் பட்டியலில்தான் இருக்கிறது என்றார் மற்றவர், இருவரும் அங்கேயே பட்டியலை விரித்து ஆளுக்கோர் இடத்தில் கோட்டுப்பாக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். எந்த மாவட்டத்திலும் இல்லாத ஊர் ஒரே காலையில் இரண்டு மாவட்டத்தில் வந்துவிட்டது. அடுத்த நாள் இரண்டு ரேஷன் லாரி வந்தது. அன்று ஆய்வாளர்கள் கிளம்பும்போது படிவத்தில் ஒரு கட்டம் மிச்சமிருந்தது, யாரால் கட்டப்பட்டது என்று. சம்பூரணம் அரசால் என்றாள். இருவரும் திருப்தியாக எழுதிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போன பிறகு வேப்ப நிழலில், கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு மாசிலாமணி முகத்தை நீட்டினார். சவரக்காரர் இரண்டு இழுப்பில் முடித்துவிட்டார். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது, யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் மீசைக்கு அடியில் இருந்தது ஒரு சின்னப் பையனின் வாய், அது ஏற்கனவே சிரித்துக்கொண்டிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் அரசிலை காற்றில் மிதந்து வந்து அவர் மடியில் விழுந்தது. ஹெலன் டீச்சர் எடுத்துப் படித்தாள்.

"'மேற்படி மீசை அகற்றப்பட்டது.' பாருங்க, இதுலயும் எழுவாய் இல்ல."

மாசிலாமணி இலையை அவளிடமிருந்து வாங்கினார். சம்பூரணத்தின் பக்கம் கையை நீட்டிப் பேனாவைக் கேட்டார். பச்சை மைக்குத் தனக்கு உரிமை உண்டா என்று ஒரு கணம் யோசித்து, அவள் மூடியைத் திறந்தே கொடுத்துவிட்டதால், முழங்காலில் இலையை வைத்து, நரம்பு கிழியாமல், அடியில் எழுதினார்: 'நான்தான் எடுத்தேன்.'